பகைவரையும் காத்த படைத்தலைவர்

விளையாட்டு விழா நாளில் மைதானத்தின் ஓரத்தில், முதலுதவிப் பெட்டியும் தண்ணீர்க் குடமும் வைத்துக்கொண்டு காத்திருக்கும் இளஞ் செஞ்சிலுவைச் சங்க மாணவிகளை நாம் அறிவோம். ஓட்டத்தில் தடுக்கி விழுந்தவள் எந்த அணியைச் சேர்ந்தவள் என்று அவர்கள் கேட்பதில்லை. முழங்காலைக் கழுவி, மருந்திட்டு, கட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். போட்டி தொடர்ந்து நடக்கிறது.

இந்தச் செஞ்சிலுவையைத் தோற்றுவித்தவர் யார் என்று கேட்டால், ஹென்றி டூனாண்ட் என்று தயங்காமல் விடை சொல்வீர்கள். அது சரியான விடையே. ஆனால் 1863ஆம் ஆண்டு டூனாண்டும் அவருடைய நண்பர்களும் ஜெனீவா நகரில் முதன்முதலாகக் கூடியபோது, தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் 75 வயது நிரம்பிய ஒரு முதியவர் என்பதைப் பலர் அறியார். அந்த முதியவர் ஒரு படைத்தளபதி. வாழ்நாளெல்லாம் பீரங்கி, கோட்டை, அணிவகுப்பு என்று பழகியவர். போரின் கொடுமையைக் குறைக்க எழுந்த இயக்கத்திற்கு ஒரு போர்வீரரே தலைமை தாங்கியது எப்படி? அவருடைய வாழ்க்கையை அறிந்தால் வியப்பு நீங்கும், மதிப்பு வளரும். கியோம் ஹென்றி டியூஃபூர் என்னும் அப்பெருமகனாரின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

அகதியின் மகன்

டியூஃபூரின் பெற்றோர் ஜெனீவா நகரத்தார். அந்நாளில் ஜெனீவா ஒரு சிறு தனிக் குடியரசு. சில செல்வக் குடும்பங்களே அங்கு ஆட்சி செய்துவந்தன. தங்களுக்கும் உரிமை வேண்டும் என்று மற்றக் குடிமக்கள் 1782ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்தார்கள். அக்கிளர்ச்சி அடக்கப்பட்டது. பலர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாறு வெளியேறியவர்களுள் கடிகாரம் செய்யும் தொழிலாளர்கள் மிகுதி. டியூஃபூரின் தந்தையும் கடிகாரத் தொழிலாளியே. ஆஸ்திரியப் பேரரசரின் ஆட்சியிலிருந்த கான்ஸ்டன்ஸ் நகரம் இவ்வகதிகளுக்கு இடம் கொடுத்தது. அந்நகரில், 1787ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டியூஃபூர் பிறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் குடும்பம் ஜெனீவாவுக்குத் திரும்பியது.

ஒரே ஊர் மக்கள் தமக்குள் பகைத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை இக்குழந்தை தொட்டிலிலேயே அறிந்துகொண்டது என்று சொல்லலாம். அண்டை வீட்டார் பகையால் வீடிழந்து வேற்றூரில் பிழைத்த குடும்பம் அது. பின்னாளில் நாட்டு மக்களே இரு பிரிவாகி மோதிக்கொண்டபோது, இந்த நினைவு அவருடைய உள்ளத்தில் எங்கோ ஓரிடத்தில் விழித்திருந்திருக்க வேண்டும்.

கல்வியும் காயமும்

டியூஃபூருக்குப் 10 வயதானபோது ஜெனீவாவின் சுதந்திரம் பறிபோயிற்று. 1798இல் பிரெஞ்சுப் படைகள் நகருக்குள் புகுந்தன. ஜெனீவா பிரான்சு நாட்டோடு இணைக்கப்பட்டது. ஆகவே கல்வியில் சிறந்து விளங்கிய இவ்விளைஞர் 1807இல் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியான எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். பிறகு மெட்ஸ் நகரிலிருந்த இராணுவப் பொறியியல் பள்ளியில் பயின்றார். கணிதமும் வரைபடமும் அவருக்கு உயிர்.

மத்தியதரைக் கடலிலுள்ள கார்ஃபூ தீவில் கோட்டை அரண்களைச் சீர்செய்யும் பணி அவருக்குக் கிட்டியது. அங்கே பணிபுரியும்போது, 1813இல் நடந்த ஒரு கடற்சண்டையில் கடுமையாகக் காயமுற்று ஆங்கிலேயர் கையில் சிறைப்பட்டார். போரை ஏட்டில் மட்டும் படித்தவரல்லர் அவர். காயத்தின் எரிச்சலையும், பகைவர் கையில் சிக்கியவனின் அச்சத்தையும் தம் உடலாலேயே உணர்ந்தவர்.

நெப்போலியன் வீழ்ந்தார். 1815இல் ஜெனீவா சுவிட்சர்லாந்து கூட்டமைப்பின் இருபத்திரண்டாவது மாநிலமாகச் சேர்ந்தது. பிரெஞ்சுப் படையிலேயே இருந்து பதவி உயர்வு தேடியிருக்கலாம். அவரோ தம் ஊருக்குத் திரும்பினார். 1817இல் திருமணம் செய்துகொண்டார். நான்கு பெண் குழந்தைகளுக்குத் தந்தையானார்.

ஊரைக் கட்டிய பொறியாளர்

படைவீரர் என்றால் போர்க்காலத்தில் மட்டுமே பயன்படுவார் என்று எண்ணிவிடக் கூடாது. 1817 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டியூஃபூர் ஜெனீவா மாநிலத்தின் அரசுப் பொறியாளராகப் பணியாற்றினார். உயர்கல்விச் சாலையில் கணிதமும் கற்பித்தார். ஏரிக்கரையிலும் ரோன் நதிக்கரையிலும் இன்று நாம் படங்களில் கண்டு வியக்கும் அழகிய கரைத்தெருக்களையும் பாலங்களையும் அமைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. சேறும் குப்பையுமாகக் கிடந்த ஆற்றங்கரை மக்கள் உலாவும் இடமாயிற்று.

அவருடைய பணிகளுள் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். நகரத்தின் பழைய அகழிகளைக் கடந்து செல்ல ஒரு பாலம் வேண்டியிருந்தது. கல்லால் கட்டினால் செலவு மிகுதி. டியூஃபூர் மெல்லிய இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று தாமே சோதித்துப் பார்த்தார். அக்கம்பிகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால், அதே எடையுள்ள கனத்த இரும்புச் சட்டத்தைவிட அதிகப் பாரம் தாங்கும் என்று கண்டார். பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் செகுவெனின் யோசனையையும் துணைக்கொண்டு, 1823இல் செந் ஆந்துவான் தொங்குபாலத்தைக் கட்டி முடித்தார். இரும்புக் கம்பி வடங்களால் நிலையாக அமைக்கப்பட்ட தொங்குபாலங்களுள் உலகிலேயே மிகப் பழையவற்றில் அது ஒன்று. இன்று மலைகளுக்கும் கடல்முகங்களுக்கும் மேலே தொங்கும் மாபெரும் பாலங்களுக்கெல்லாம் அது மூத்த தமக்கை எனலாம்.

தனியே பிடித்தால் கையாலேயே வளைத்துவிடக்கூடிய கம்பி, நூறோடு சேர்ந்தபோது மக்கள் கூட்டத்தையே சுமந்தது. தனிமரம் தோப்பாகாது என்பது நம் பழமொழி. டியூஃபூர் தம் நாட்டு மக்களுக்குச் செய்ததும் இதுதான்.

ஒரு கொடி, ஒரு படம்

அந்நாளைய சுவிட்சர்லாந்தை இன்றைய நாடாக எண்ணிப் பார்த்தல் கூடாது. 22 மாநிலங்கள் ஓர் உடன்படிக்கையால் மட்டும் சேர்ந்திருந்தன. நாணயம் வேறு, அளவை வேறு, சுங்கம் வேறு. மொழியும் ஒன்றன்று, செருமன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்ஷ் என்று நால்வகை. சில மாநிலங்கள் கத்தோலிக்க மாநிலங்கள். சில சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவை. படை திரண்டாலும் ஒவ்வொரு மாநிலத்துப் படையும் தன் தன் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

1819இல் தூன் நகரில் மத்திய இராணுவப் பள்ளி தொடங்கியபோது, அதை உருவாக்கியவர்களுள் டியூஃபூர் ஒருவர். எல்லா மாநிலங்களின் இளம் அதிகாரிகளும் அங்கே ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்றார்கள். பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் என்று பிரான்சின் பேரரசரான லூயி நெப்போலியனும் அங்கே அவரிடம் பாடம் கேட்ட மாணவரே. எல்லாப் படைகளுக்கும் சிவப்பு நிலத்தில் வெள்ளைச் சிலுவை பொறித்த ஒரே கொடி வேண்டும் என்று டியூஃபூர் வற்புறுத்தி வந்தார். 1840இல் மாநிலங்களின் பேரவை அதற்கு இணங்கியது.

கொடிக்கு அடுத்தது படம். தன் நாட்டின் வடிவத்தையே சரியாக அறியாத மக்கள் அதை எப்படிக் காப்பார்கள்? நாடு முழுவதையும் அளந்து நிலப்படம் வரையும் பொறுப்பை டியூஃபூர் ஏற்றார். 1838இல் ஜெனீவாவை அடுத்த கரூஷ் என்னும் ஊரில் அதற்கென ஓர் அலுவலகம் அமைத்தார். நில அளவையாளர்கள் கருவிகளைச் சுமந்துகொண்டு பனிமலைகளில் ஏறினார்கள். கோடையின் சில வாரங்களே வேலைக்கு உகந்த காலம். பனியாலும் புயலாலும் நாள்கள் வீணாயின. பணமும் தாராளமாக இல்லை. ஆயினும் அவசரப்பட்டுப் பிழையாக வரைவதற்கு டியூஃபூர் இடங்கொடுக்கவில்லை.

25 தாள்கள் கொண்ட அப்படத்தின் வெளியீடு 1845இல் தொடங்கி, சுமார் 20 ஆண்டுகளில் நிறைவுற்றது. நிலத்தில் ஒரு கிலோமீட்டர் தாளில் ஒரு சென்டிமீட்டராகக் காட்டப்பட்டது. வடமேற்கிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழுவது போல நுண்கோடுகளால் நிழலிட்டிருந்தமையால், தட்டையான தாளில் மலைகள் எழுந்து நிற்பதுபோல் தோன்றின. அயல்நாட்டு அறிஞரும் அதைப் பாராட்டினர். 1863இல் சுவிட்சர்லாந்து அரசு தன் நாட்டின் மிக உயர்ந்த சிகரத்திற்கு அவர் பெயரையே சூட்டியது. 4634 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் இன்றும் டியூஃபூர் சிகரம் என்றே வழங்குகிறது.

உடன்பிறந்தார் போர்

அவருடைய வாழ்க்கையின் பெருஞ்சோதனை 60ஆம் வயதில் வந்தது.

1840களில் நாட்டில் சமய, அரசியல் பூசல்கள் முற்றின. 1841இல் ஆர்காவ் மாநிலம் அங்கிருந்த துறவற மடங்களை மூடியது. கத்தோலிக்கர் மனம் கொதித்தனர். 1844இல் லூசர்ன் மாநிலம் தன் கல்விப் பணிக்கு இயேசு சபைக் குருக்களை அழைத்தது. எதிர்த் தரப்பினர் கொதித்தனர். ஆயுதம் தாங்கிய கூட்டத்தார் லூசர்ன் மீது படையெடுத்துத் தோற்றனர். தங்களைக் காத்துக்கொள்ள, லூசர்ன், ஊரி, ஷுவீட்ஸ், உண்டர்வால்டன், சூக், ஃபிரிபூர், வாலே ஆகிய ஏழு கத்தோலிக்க மாநிலங்கள் 1845இல் தமக்குள் தனிக்கூட்டணி ஒன்றை அமைத்துக்கொண்டன. இக்கூட்டணி கலைக்கப்பட வேண்டும் என்று 1847இல் பேரவை தீர்மானித்தது. அவை இணங்கவில்லை. போர் ஒன்றே வழி என்றாயிற்று.

படையை நடத்த யாரைத் தேர்ந்தெடுப்பது? 1847 அக்டோபர் 21ஆம் நாள் பேரவை டியூஃபூரைத் தளபதியாகத் தேர்ந்தது. வேறு எவராயினும் அதைப் பெரும்பேறாக எண்ணியிருப்பர். டியூஃபூரோ கலங்கினார். எதிர்ப்படையின் அதிகாரிகளுள் பலர் அவரோடு ஒன்றாகப் பணிபுரிந்தவர்கள். அவரிடம் பாடம் கேட்டவர்கள். தம் பக்கத்திலிருந்தவர்களுள் சிலரோ பழிவாங்கும் வெறியோடு இருந்தனர். பேரவை வகுத்த கட்டளையின் வாசகம் கட்சிப் பகைக்கு இடந்தருமோ என்று ஐயுற்றுப் பதவியை மறுக்கவும் முற்பட்டார். தக்க விளக்கம் கிடைத்த பிறகே, அக்டோபர் 25ஆம் நாள் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். தாம் விலகினால் அந்த இடத்திற்கு இரக்கமற்ற ஒருவர் வந்துவிடக்கூடும் என்பதை அவர் உணராமலிருந்திருக்க முடியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டியூஃபூர் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். அவரை எதிர்த்து நின்ற கத்தோலிக்கக் கூட்டணியின் தளபதி சாலிஸ் சோக்லியோவும் சீர்திருத்தச் சபையினரே! வெறும் சமயப் போர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாதபடி இப்பூசல் சிக்கலாயிருந்தது. மாநில உரிமை, மத்திய ஆட்சி, பழைமை, புதுமை எல்லாம் அதில் பின்னிக் கிடந்தன.

நவம்பர் முதல் வாரத்தில் டியூஃபூர் தம் வீரர்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களும் நம் நாட்டு மக்களே என்பதை அவர்களுக்கு நினைவூட்டினார். குழந்தைகள், பெண்கள், முதியோர், குருக்கள் ஆகியோரைக் காக்க வேண்டும் என்றும், ஆலயங்களை மதிக்க வேண்டும் என்றும், சிறைப்பட்டவரையும் காயமுற்றவரையும் தம் தோழரைப் போலவே பேண வேண்டும் என்றும் கட்டளையிட்டார். வெற்றி மட்டும் போதாது, பழியற்ற வெற்றியே வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இவ்வாறு ஒரு தளபதி எழுதியபோது, காயமுற்றவரைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை ஏதும் உலகில் இருக்கவில்லை. அதற்கு இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன.

போரை நடத்திய முறையிலும் அதே எண்ணம் விளங்கியது. சுமார் ஒரு லட்சம் வீரர்களைத் திரட்டினார். சிறு படையால் மோதினால் போர் நீளும். நீண்டால் சாவு பெருகும். பெரும்படையைக் காட்டினால் எதிரி போரிடாமலே பணியக்கூடும். முதலில், மற்ற மாநிலங்களிலிருந்து விலகித் தனித்திருந்த ஃபிரிபூர் நகரைச் சூழ்ந்தார். உடனே பீரங்கிகளை முழக்கவில்லை. தம் படையின் வலிமையை நகரத் தலைவர்களுக்கு எழுதித் தெரிவித்து, வீணாக இரத்தம் சிந்த வேண்டாம் என்று வேண்டினார். நவம்பர் 14ஆம் நாள் நகரம் சரணடைந்தது. 21ஆம் நாள் சூக் பணிந்தது. 23ஆம் நாள் கிஸிகோனில் கடும் போர் நடந்தது. சாலிஸ் சோக்லியோ தலையில் காயமுற்றார். மறுநாள் லூசர்ன் வீழ்ந்தது. 29ஆம் நாள் வாலேயும் பணிந்தது. நான்கு வாரம் நிறைவதற்குள் போர் முடிந்துவிட்டது.

இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர் ஏறக்குறைய நூறு பேர். நூறு உயிர் என்பது நூறு வீடுகளின் அழுகை, அது சிறிதன்று. ஆயினும் இதே நூற்றாண்டில், மாநிலங்கள் பிரிந்து போனதால் அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதை எண்ணிப் பார்த்தால், டியூஃபூரின் கட்டுப்பாடு எத்தனை வீடுகளைக் காத்தது என்பது விளங்கும்.

தோற்றவரை அணைத்தல்

உண்மையை மறைக்காமல் சொல்வோம். தளபதியின் கட்டளை எல்லா இடத்திலும் நிறைவேறவில்லை. ஃபிரிபூர் நகரினுள் நுழைந்த வீரர்களுள் சிலர் கட்டுமீறிக் கொள்ளையிலும் அழிவிலும் இறங்கினர். இயேசு சபையாரின் கல்லூரியும் தப்பவில்லை. ஒரு லட்சம் பேருக்குக் கட்டளையிடுவது எளிது. ஒரு லட்சம் உள்ளங்களை ஆள்வது அரிது. 1848இல் இயற்றப்பட்ட புதிய அரசியலமைப்பு இயேசு சபையை நாட்டில் தடைசெய்தது. அத்தடை 1973ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பால் நீக்கப்படும்வரை ஏட்டில் நிலைத்திருந்தது.

அப்படியானால், தோற்ற தரப்பினரின் விசுவாசத்தைச் சார்ந்த நாம் இத்தளபதியை ஏன் போற்றுகிறோம்? இக்கேள்வி நியாயமானது. விடையும் எளிது. ஒரு மனிதரை நாம் அளப்பது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதால் மட்டுமன்று. கையில் அதிகாரம் இருந்தபோது எளியவரிடம் எவ்வாறு நடந்தார் என்பதாலும் ஆகும். நம் ஆண்டவர் சொன்ன உவமையில், வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்துக் கட்டியவன் அவனுடைய இனத்தானல்லன், சமாரியன். நன்மை எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை நன்மை என்று ஒப்புக்கொள்ள அவ்வுவமை நமக்குக் கற்பிக்கிறது.

டியூஃபூரின் கனிவு வீண்போகவில்லை. தோற்றவர்களின் நெஞ்சில் ஆறாத புண் ஏற்படாமையால், பத்தே மாதங்களில், 1848 செப்டம்பரில், எல்லா மாநிலங்களையும் உள்ளடக்கிய கூட்டாட்சி பிறந்தது. தோற்ற மாநிலங்கள் மீது விதித்த போர்ச்செலவில் எஞ்சிய தொகை 1852இல் தள்ளுபடி செய்யப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை சுவிட்சர்லாந்து மக்கள் தம்முள் மீண்டும் போரிட்டதில்லை.

1856இல் இன்னொரு நெருக்கடி வந்தது. நியூஷாத்தல் மாநிலத்தின்மேல் உரிமை கொண்டாடிய பிரஷ்ய அரசர் படையெடுப்பதாக அச்சுறுத்தினார். நாடு மீண்டும் டியூஃபூரையே தளபதியாக்கியது. எல்லையைக் காக்கப் படையை ஆயத்தம் செய்த அவர், பழைய மாணவரான மூன்றாம் நெப்போலியனிடம் சமாதானம் பேசத் தூதராகவும் சென்று வந்தார். 1857இல் பிரஷ்ய அரசர் தம் உரிமையைக் கைவிட்டார். அந்தப் போர் நடக்கவேயில்லை. நடந்த போரில் வென்றவர்களுக்குச் சிலை வைப்பார்கள். நடக்காமற்போன போருக்கு யார் நன்றி சொல்வார்கள்? அன்று தம் தந்தையரையும் சகோதரரையும் உயிரோடு திரும்பப் பெற்ற குடும்பங்கள் சொல்லியிருக்கும்.

செஞ்சிலுவையின் முதல் தலைவர்

1859 ஜூன் 24ஆம் நாள் வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. தற்செயலாக அப்பக்கம் வந்த ஜெனீவா வணிகர் ஹென்றி டூனாண்ட், ஆயிரக்கணக்கான வீரர்கள் தண்ணீருக்கும் ஏங்கித் துடிப்பதைக் கண்டார். அருகிலிருந்த காஸ்திலியோனே ஊர்ப் பெண்கள் நாடு, மொழி பாராமல் எல்லாருக்கும் பணிவிடை செய்தனர். அவர்களோடு டூனாண்டும் சேர்ந்து உழைத்தார். தாம் கண்டவற்றை 1862இல் நூலாக எழுதினார். காயமுற்றோர்க்கு உதவும் சங்கங்கள் எல்லா நாடுகளிலும் அமைய வேண்டும் என்றும், அவற்றைக் காக்க நாடுகள் உடன்படிக்கை செய்ய வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார்.

அந்நூலைப் படித்த டியூஃபூரின் உள்ளம் உருகியது. எனினும் இது நடைமுறைக்கு வருமா என்ற ஐயமும் அவருக்கு எழுந்தது. போர்க்களத்தை நன்கறிந்தவரின் ஐயம் அது. ஐயம் எழுந்தது என்பதற்காக அவர் ஒதுங்கி நிற்கவில்லை. வழக்கறிஞர் குஸ்தாவ் மொய்னியே ஒரு குழு அமைக்க முயன்றபோது அதில் சேர்ந்தார். டூனாண்ட், மொய்னியே, மருத்துவர்கள் லூயி ஆப்பியா, தியோடோர் மோனுவார், தளபதி டியூஃபூர் ஆகிய ஐவரும் 1863 பிப்ரவரி 17ஆம் நாள் முதன்முதலாகக் கூடினர். டூனாண்டுக்கு அப்போது 34 வயது, மொய்னியேவுக்கு 36. அவர்களுக்குத் தந்தையாகும் வயதுடைய டியூஃபூர் தலைவரானார்.

அவருடைய அனுபவம் அன்றே பயன் தந்தது. நல்ல எண்ணம் மட்டும் போதாது. அரசுகளின் ஒப்புதல் வேண்டும் என்றார். உதவிக்கு வருபவர்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண, எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு சின்னமோ கைப்பட்டையோ வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். கொடி மாறியிருந்தால் வீரன் சுட்டுவிடுவான் என்பதைக் களத்தில் நின்றவரே அறிவார். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனீவாவில் கூடிய மாநாடு, வெள்ளை நிலத்தில் சிவப்புச் சிலுவையைப் பொதுச் சின்னமாக ஏற்றது. சுவிட்சர்லாந்து கொடியின் நிறங்களை மாற்றி வைத்ததே அச்சின்னம் என்றும், அந்நாட்டிற்குச் செய்யும் மரியாதை அது என்றும் 1906ஆம் ஆண்டின் உடன்படிக்கை குறிப்பிடுகிறது. ஒரு நாட்டைச் சேர்த்துக் கட்டிய கொடி, நிறம் மாறி, உலகையே சேர்த்துக் கட்டும் கொடியாயிற்று.

1864 ஆகஸ்டு 8ஆம் நாள் 16 நாடுகளின் பிரதிநிதிகள் ஜெனீவா நகர மண்டபத்தில் கூடினர். மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் டியூஃபூர். ஆகஸ்டு 22ஆம் நாள் 12 நாடுகள் கையொப்பமிட்டன. காயமுற்ற வீரன் எந்த நாட்டவனாயினும் எடுத்துப் பேணப்பட வேண்டும். மருத்துவமனைகளும் மருத்துவ ஊழியரும் தாக்கப்படலாகாது. இவையே அவ்வுடன்படிக்கையின் சாரம். பத்தே விதிகள். 1847இல் ஒரு தளபதி தம் வீரருக்குச் சொன்ன அறம், 17 ஆண்டுகளுக்குப் பின் நாடுகளுக்கிடையே சட்டமாகியது. அதிலிருந்து வளர்ந்த 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளை இன்று உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுள்ளன. அவை மீறப்படும் செய்திகளையும் நாம் படிக்கிறோம். ஆனால் மீறல் என்று சொல்லிக் கண்டிப்பதற்கே ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதை நமக்குத் தந்தவர்களுள் இவர் ஒருவர்.

அந்தி வேளை

முதுமையிலும் டியூஃபூர் எளிமையாகவே வாழ்ந்தார். ஜெனீவாவின் மன்றங்களிலும் நாட்டின் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்து தொண்டாற்றினார். 1875ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், தம் 87ஆம் வயதில், ஜெனீவாவில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் திரண்டு வந்து மரியாதை செலுத்தினர். 1884இல் நகரின் நடுவே குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வெளியான 20 பிராங்க் நோட்டிலும் அவருடைய உருவம் இடம்பெற்றது.

சிலையும் சிகரமும் நோட்டும் இருக்கட்டும். ஒரு தாய், போருக்குப் போன மகன் எதிரியின் கையில் அகப்பட்டான் என்று கேள்விப்படுகிறாள். இனி அவன் பிழைக்கமாட்டான் என்று முன்பெல்லாம் அவள் அழுதிருப்பாள். இப்போது அவளுக்கு ஒரு சிறு நம்பிக்கை உண்டு. யாரோ ஒருவர் சிவப்புச் சிலுவை அணிந்து அவன் அருகில் செல்லக்கூடும். அந்த நம்பிக்கையே டியூஃபூரின் உண்மையான நினைவுச் சின்னம்.

அன்பு மாணவிகளே, நம்மில் யாரும் ஒரு லட்சம் பேரை நடத்திச் செல்லும் நிலைக்கு வரமாட்டோம் என்று எண்ண வேண்டாம். காலம் யாரை எங்கு நிறுத்தும் என்பதை இறைவனே அறிவார். அதுவரை நமக்கும் சிறு களங்கள் உண்டு. வகுப்புத் தலைவி தேர்தலில் வென்ற அன்று தோற்றவளிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்? இரண்டு தோழியர் கட்சி கட்டிப் பிரியும்போது எந்தப் பக்கம் எரியும் கொள்ளிக்கு எண்ணெய் வார்க்கிறோம்? வீட்டில் அண்ணன் தம்பிச் சண்டையில் நம் வாய்ச்சொல் மருந்தா, மிளகாயா? வெல்ல வேண்டிய இடத்தில் வெல்வோம். ஆனால் நாளை நம் அருகிலேயே வந்து அமரப் போகிறவள்தான் இன்று நம்மிடம் தோற்றவள் என்பதை மறவாமல் வெல்வோம்.

அடுத்த விளையாட்டு விழாவில், மைதானத்தின் ஓரத்தில் அந்தச் சிவப்புச் சிலுவையைக் காணும்போது, அகதிக் குடும்பத்தில் பிறந்து, பாலம் கட்டி, படம் வரைந்து, போரை வென்று, அப்போரிலும் மனிதனை மறவாத அம்முதியவரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோமா?